படிக்க முடியாத சோர்ஸ் கோடு: கடைசித் தவணையைக் கொடுக்கலாமா?

கேள்வி: திருப்பூரில் பின்னலாடை யூனிட் நடத்துகிறோம். நூல் வாங்குவதில் தொடங்கி நிட்டிங், டையிங், கட்டிங், பீஸ் ரேட் கூலி வரை எல்லாவற்றுக்கும் கணக்கு வைக்க, வெளியூரில் உள்ள ஒரு சின்ன கம்பெனி சாஃப்ட்வேர் செய்து கொடுத்தது. சூப்பர்வைசர்கள் போனில் ஓடும் ஆப்பும் உண்டு. நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் சின்ன மாற்றம் கேட்டால்கூட மாதக்கணக்கில் இழுக்கிறார்கள். இனி நாங்களே ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று, அந்த சாஃப்ட்வேருக்காக அவர்கள் எழுதிய மூல நிரலான சோர்ஸ் கோட்டைக் கேட்டோம். ‘வேலை முடிந்ததும் சோர்ஸ் கோடு ஒப்படைக்கப்படும், அப்போது கடைசித் தவணை தரப்படும்’ என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஒன்பது நாள் முன்பு கூரியரில் ஒரு பென் டிரைவ் வந்தது. அதைத் திறந்து பார்த்த எங்கள் புது டெவலப்பர், ‘ஒன்றும் படிக்கிற மாதிரி இல்லை சார்’ என்கிறார். அவர்களைக் கேட்டால், ‘சோர்ஸ் கோடு என்றுதான் எழுதியிருக்கிறது, கொடுத்தாயிற்று. உங்கள் ஆளுக்குப் புரியவில்லை என்றால் நாங்கள் என்ன செய்வது? பாக்கியை அனுப்புங்கள்’ என்கிறார்கள். பாக்கியைக் கொடுப்பதா? போலீசுக்குப் போவதா? இல்லை, விவரமான ஆளைப் பிடித்து உடைத்து எடுக்கலாமா? சில கோப்புகளை இணைத்திருக்கிறேன்.

பதில்: வணக்கம். உங்கள் விஷயத்தில் நாள் கணக்கு ஒன்று இருக்கிறது. அதனால் முக்கியமான பகுதியை முன்பே மின்னஞ்சலில் அனுப்பிவிட்டேன். இதே சிக்கலில் இருக்கும் மற்றவர்களுக்காக முழுப் பதிலும் இங்கே.

உங்களுக்கு வந்தது சோர்ஸ் கோடு இல்லை. உங்கள் டெவலப்பருக்குத் திறமை போதவில்லை என்பதும் உண்மை இல்லை. எத்தனை வருட அனுபவம் உள்ளவரைக் கொண்டுவந்து உட்கார வைத்தாலும் அவரும் அதையேதான் சொல்வார்.

ஆனால் அந்த பென் டிரைவில் இருப்பது எல்லாமே ஏமாற்று வேலை என்றும் சொல்ல மாட்டேன். மூன்று தினுசாகக் கோப்புகள் இருக்கின்றன, மூன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஆப்புக்கு வெறும் ஏபிகே கோப்பு மட்டும் வந்திருக்கிறது. அது போனில் நிறுவுகிற முடிந்த பொருள், சோர்ஸ் கோடு என்ற பேச்சுக்கே இடமில்லை. அடுத்தது, பிரவுசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகள். இவற்றில் பெரும்பாலானவை ஒரே நீண்ட வரியாக, மாறிகளின் (நிரலில் மதிப்புகளை வைக்கும் இடங்களின்) பெயர்கள் எல்லாம் ஒற்றை எழுத்தாக இருக்கின்றன. இதற்கு மினிஃபை செய்வது என்று பெயர். பக்கம் சீக்கிரம் திறக்கவேண்டும் என்பதற்காகக் கோப்பைச் சுருக்குகிற வேலை இது. டெர்சர் போன்ற கருவிகள் தானாகவே செய்துவிடும். நாணயமான கம்பெனிகளும் தினமும் செய்வதுதான். சர்வரில் ஏற்றுகிற ஃபோல்டரை அப்படியே காப்பி செய்து அனுப்பினால் இப்படித்தான் இருக்கும். இதில் கெட்ட எண்ணம் இருந்தாக வேண்டும் என்பதில்லை, அலட்சியமாகவும் இருக்கலாம்.

மூன்றாவது தினுசுதான் விவகாரமானது. டையிங் ப்ராசஸ் லாஸ் கணக்கிடும் கோப்பை எடுத்துக்கொள்ளுங்கள். நூறு கிலோ கிரே துணி (சாயம் போடாத துணி) டையிங்குக்குப் போய் 93 கிலோ திரும்பி வந்தால் 7 சதவீதம் லாஸ். ஒரு கழித்தல், ஒரு வகுத்தல். நேராக எழுதினால் இரண்டு வரியில் முடியும். உங்களுக்கு வந்த கோப்பில் அது பக்கம் பக்கமாக ஓடுகிறது. மாறிகளுக்குப் பெயரே இல்லை. ஒரு அடிக்கோடு, ஒரு சுழியம், ஒரு எக்ஸ், அப்புறம் நாலைந்து எண்ணும் எழுத்தும் கலந்து வருகின்றன. ‘எடை’, ‘டையிங் யூனிட்’ மாதிரியான சொற்களைப் பிடுங்கி, கோப்பின் தலையில் ஒரு பட்டியலாகக் குழப்பி வைத்து, தேவைப்படும் இடத்தில் வரிசை எண்ணால் அழைக்கிறார்கள். அடுத்தடுத்து நடக்கவேண்டிய படிகளைத் துண்டாக்கி ஒரு சுழற்சிக்குள் கலைத்துப் போட்டிருக்கிறார்கள். நடுநடுவே எந்தக் காலத்திலும் ஓடாத வெற்று நிபந்தனைகள். இதற்குப் பெயர் ஆப்ஃபஸ்கேஷன், அதாவது கோட்டை வேண்டுமென்றே புரியாதபடி ஆக்குவது.

கோப்பின் அளவைக் கவனியுங்கள். மினிஃபை செய்தால் கோப்பு சுருங்கும். இந்தக் கோப்போ வீங்கியிருக்கிறது. வேகத்துக்காகச் செய்தோம் என்று யாராலும் சொல்ல முடியாது. படிக்கிறவரைத் தடுப்பதைத் தவிர இதற்கு வேறு பயன் கிடையாது.

சர்வர் பக்கத்தில் இன்னும் வெளிப்படையாகத் தெரிகிறது. உங்கள் சாஃப்ட்வேர் பிஎச்பி என்ற நிரல்மொழியில், லாராவெல் என்ற கட்டமைப்பின் மேல் எழுதப்பட்டது. லாராவெல் யாரும் இலவசமாக எடுக்கக்கூடியது. அதன் கோப்புகள் குறிப்புரைகளோடு அப்படியே படிக்கும்படி இருக்கின்றன. உங்கள் காசில் எழுதப்பட்ட ‘ஆப்’ ஃபோல்டர் (போனில் ஓடும் ஆப் அல்ல, சர்வர் பக்கத்துக் கோடு) மட்டும் அயன்கியூப் என்ற கருவியால் பூட்டப்பட்டிருக்கிறது. அந்த ஃபோல்டரில் எந்தக் கோப்பைத் திறந்தாலும் முதல் வரியில் ‘சர்வரில் லோடர் (பூட்டிய கோப்பை ஓட்டும் துணை நிரல்) இருக்கிறதா’ என்ற சோதனை, அதற்குக் கீழே பொருளில்லாத எழுத்துக் கூட்டம். அயன்கியூப் சட்டப்படியான விற்பனைப் பொருள்தான். தங்கள் சொந்தத் தயாரிப்பைப் பல பேருக்கு விற்கிற கம்பெனிகள் திருட்டுக்குப் பயந்து பயன்படுத்துகின்றன, அதில் தப்பில்லை. ஒருவருக்காக எழுதிய மென்பொருளை, ‘சோர்ஸ் கோடு தருகிறேன்’ என்று கையெழுத்துப் போட்ட பிறகு, அவரிடமே பூட்டிக் கொடுப்பது தப்பு.

சரி, இப்போது நாள் கணக்குக்கு வருகிறேன். அந்தக் கம்பெனி உத்யம் என்ற அரசுப் பதிவு பெற்ற குறு அல்லது சிறு நிறுவனமா என்று இன்றே பாருங்கள். அவர்களின் பில்லிலேயே அந்த எண் இருக்கலாம். பதிவு இருந்தால் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான 2006-ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ சட்டம் அவர்கள் பக்கம் நிற்கும். பொருளோ சேவையோ வந்து சேர்ந்த 15 நாளுக்குள் நீங்கள் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்காவிட்டால், அதை ஏற்றுக்கொண்டதாகவே அந்தச் சட்டம் எடுத்துக்கொள்ளும். அதன் பிறகு ஒப்பந்தத்தில் என்ன தவணை எழுதியிருந்தாலும், 45 நாளைத் தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதா மாதம் கூட்டு வட்டியாக ஏறும். அந்தச் சட்டப்படி பாக்கித் தகராறுகளைத் தீர்க்கும் வசதியாக்கக் கவுன்சிலுக்கு அவர்கள் போய்த் தீர்ப்பு வாங்கிவிட்டால், அதை எதிர்த்து நீதிமன்றம் போவதற்கே தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முன்கூட்டிக் கட்டவேண்டும். உங்களுக்கு ஒன்பது நாள் போய்விட்டது. போனில் சண்டை போட்டது ஆட்சேபக் கணக்கில் வராது. ‘பார்த்துச் சொல்கிறோம்’ என்று வாட்ஸ்அப்பில் போட்டதும் போதாது. மின்னஞ்சலும் ஸ்பீட் போஸ்டும் இரண்டும் போகட்டும். வார்த்தைகள் ஏறக்குறைய இப்படி இருக்கலாம் (இதில் வரும் கிட் ரெப்பாசிட்டரி என்பது, கோட்டில் எந்த மாற்றம் எப்போது நடந்தது என்று பதிந்து வைக்கும் சேமிப்பிடம்):

‘இன்ன தேதியில் நீங்கள் அனுப்பிய பென் டிரைவில் இருப்பவை, உங்கள் டெவலப்பர்கள் எழுதித் திருத்தி வந்த கோப்புகள் அல்ல. அவற்றிலிருந்து கருவிகள் மூலம் உண்டாக்கப்பட்டவை. ஆகவே இதை ஒப்பந்தப்படியான ஒப்படைப்பாக நாங்கள் ஏற்கவில்லை. மூலக் கோப்புகளை, கிட் ரெப்பாசிட்டரியின் முழு வரலாற்றுடன் ஒப்படைத்து, எங்கள் டெவலப்பர் முன்னிலையில் இயக்கிக் காட்டியதும் பாக்கித் தொகையைத் தருகிறோம்.’

கடிதத்தில் கோபம் வேண்டாம், ‘மோசடி’ என்ற சொல்லும் வேண்டாம். பணம் தரமாட்டோம் என்றும் எழுதாதீர்கள். தரத் தயாராக இருக்கிறோம், இன்னது வந்ததும் தருகிறோம் என்று இருக்கட்டும். அனுப்பும் முன் வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.

அதே நாளில் செய்யவேண்டிய இன்னொரு வேலை டேட்டாபேஸ் பேக்கப். கோடு போனால் திரும்ப எழுதிக்கொள்ளலாம், வருடக்கணக்கான கணக்குகள் போனால் என்ன செய்வீர்கள்? அயன்கியூபில் இன்ன தேதிக்கு மேல் ஓடாது, இன்ன சர்வரைத் தவிர வேறு எங்கும் ஓடாது என்று பூட்டுகிற வசதி உண்டு. உங்களுக்கு அப்படிப் பூட்டியிருக்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. இருந்தால் வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது என்பதுதான் பிரச்சினை. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலம் மன்ரோவில்லில் சீமென்ஸ் நிறுவனத்துக்கு ஒப்பந்த அடிப்படையில் வேலை செய்த ஒருவர், தான் எழுதிக் கொடுத்த நிரல்கள் குறிப்பிட்ட தேதிக்குப் பிறகு கோளாறு செய்யும்படி ரகசியமாக வைத்திருந்தார். கோளாறு வரும், சரி செய்ய அவரையே கூப்பிடுவார்கள். 2019-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார், ஆறு மாதச் சிறையும் 7,500 டாலர் அபராதமும் விதித்தார்கள். அவ்வளவு பெரிய நிறுவனத்திலேயே நடந்திருக்கிறது.

பேக்கப்பை எடுத்து வைத்தால் மட்டும் போதாது, இன்னொரு கம்ப்யூட்டரில் ஏற்றி, போன மாதக் கூலி மொத்தம் சரியாக வருகிறதா என்று பாருங்கள். ஹோஸ்டிங் கணக்கு, டொமைன், பிளே ஸ்டோர் கணக்கு, எஸ்எம்எஸ் அனுப்ப டிஎல்டி பதிவு எல்லாம் யார் பெயரில் இருக்கின்றன என்று ஒரு தாளில் எழுதுங்கள். அவர்கள் பெயரில் இருப்பதையெல்லாம் உங்கள் பெயருக்கு மாற்றித் தரச் சொல்லி அதே கடிதத்தில் சேர்த்துவிடுங்கள். ஆப்புக்குக் கையெழுத்திடும் சாவியையும் மறக்காமல் கேளுங்கள். ஆண்ட்ராய்டில், பழைய ஆப்புக்குப் போட்ட அதே சாவியால் கையெழுத்திட்டால்தான் புதிய பதிப்பை அதன் மேல் நிறுவ போன் அனுமதிக்கும். சாவி அவர்களிடமே இருந்தால், சோர்ஸ் கோடு வந்தும்கூட எல்லா சூப்பர்வைசர் போனிலும் ஆப்பை அழித்துவிட்டுப் புதிதாகப் போடவேண்டி வரும்.

இனி அவர்களின் வாதம். ‘சோர்ஸ் கோடு என்றுதானே எழுதியிருக்கிறது, படிக்கும்படி இருக்கவேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது?’ சாமர்த்தியமான கேள்வி மாதிரித் தெரியும். ஆனால் சோர்ஸ் கோடு என்றால் என்ன என்பது இந்தத் தொழிலில் முப்பது வருடத்துக்கு மேலாகத் தீர்மானமாகிவிட்ட விஷயம். 1991-இல் வந்த ஜிபிஎல் என்ற மென்பொருள் உரிமத்தின் இரண்டாம் பதிப்பு, ஒரு படைப்பில் திருத்தம் செய்ய எந்த வடிவம் விரும்பப்படுகிறதோ அதுவே அதன் சோர்ஸ் கோடு என்று வரையறுக்கிறது. கோட்டைத் திறந்து வைக்கும் மென்பொருள்களுக்காக 1998-இல் வந்த ஓப்பன் சோர்ஸ் வரையறையின் இரண்டாவது விதி இன்னும் நேரடியானது. வேண்டுமென்றே புரியாதபடி ஆக்கிய கோடு செல்லாது, கருவிகளின் வழியே வெளிவரும் இடைநிலை வடிவமும் செல்லாது என்கிறது. இவை உங்கள் ஒப்பந்தத்தைக் கட்டுப்படுத்துகிற ஆவணங்கள் அல்ல. ஆனால் அந்தச் சொல்லைத் தொழிலில் இருப்பவர்கள் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று ஒரு நடுவரிடம் காட்ட இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை. அவர்களிடமே ஒரு கேள்வி கேளுங்கள்: போன மாதம் நீங்கள் கேட்ட மாற்றத்தை அவர்களின் டெவலப்பர் எந்தக் கோப்பைத் திறந்து செய்தார்? இந்த பென் டிரைவில் இருக்கும் கோப்பையா?

‘படிக்கும்படி இருக்கிறதா இல்லையா’ என்று வாதாடிக்கொண்டே இருந்தால் முடிவு வராது. அதற்குப் பதில் ஒரு சோதனைக்கு ஒப்புக்கொள்ளச் சொல்லுங்கள். எதுவும் நிறுவாத ஒரு கம்ப்யூட்டர், அவர்கள் ஒப்படைத்த கோப்புகள், உங்கள் டெவலப்பர். பக்கத்தில் அவர்கள் ஆள் ஒருவர் உட்காரலாம், வாயால் வழி சொல்லலாம், ஆனால் தன் லேப்டாப்பிலிருந்து ஒரு கோப்பும் எடுத்துத் தரக்கூடாது. அரை நாளில் சாஃப்ட்வேர் அங்கே ஓட வேண்டும். அப்புறம் ஒரு சின்ன மாற்றம்: ப்ராசஸ் லாஸ் இப்போது முழு எண்ணாக வருகிறது என்றால் ஒரு தசமத்தோடு வரவேண்டும். உங்கள் டெவலப்பர் அந்த இடத்தைத் தேடிப் பிடித்து, மாற்றி, திரையில் காட்ட வேண்டும். ஆப்பிலும் அதே மாதிரி ஒரு பொத்தானின் எழுத்தை மாற்றிப் புதிய ஏபிகே எடுக்க வேண்டும். இது நடந்துவிட்டால் ஒப்படைப்பு முடிந்தது, அன்றைக்கே பணத்தைக் கொடுத்துவிடுங்கள். பல ஒப்படைப்புத் தகராறுகளைப் பார்த்திருக்கிறேன். நிபுணர் அறிக்கையால் தீராததை இந்த அரை நாள் தீர்த்துவிடும்.

கிட் வரலாற்றையும் ஏன் வற்புறுத்திக் கேட்கச் சொல்கிறேன் என்றால், கோட்டைப் பார்த்தால் என்ன நடக்கிறது என்று தெரியும், ஏன் அப்படி என்று தெரியாது. ஏதோ ஒரு டையிங் யூனிட்டுக்கு மட்டும் எடைக் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது என்று வையுங்கள். அந்த வரி எந்தத் தேதியில், யார் சொல்லி வந்தது என்ற குறிப்பு வரலாற்றில் இருக்கும். அது இல்லாமல் புது ஆள் ‘இது பிழை போல’ என்று சரி செய்து, நல்ல கணக்கைக் கெடுத்துவிடுவார். லாராவெலில் டேபிள்களை உருவாக்கிய மைக்ரேஷன் கோப்புகளும் உண்டு, ஒவ்வொன்றின் பெயரும் அது உருவான தேதியில்தான் தொடங்கும். உங்கள் பென் டிரைவில் அந்த ஃபோல்டரே இல்லை. கேட்டு வாங்குங்கள்.

சட்டத்தில் உங்கள் பக்கம் ஒரு பலவீனம் இருக்கிறது, அதையும் தெரிந்துகொள்ளுங்கள். காசு கொடுத்ததால் மட்டும் கோடு உங்களுடையது ஆகிவிடாது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் கம்ப்யூட்டர் நிரலும் இலக்கியப் படைப்புகளோடு சேர்கிறது. சம்பளத்துக்கு வேலை செய்கிற ஊழியர் வேலையின் பகுதியாக எழுதினால் உரிமை முதலாளிக்கு. வெளி கம்பெனி எழுதினால், எழுத்தில் கையெழுத்திட்டு மாற்றித் தராத வரை, பொதுவாக உரிமை அவர்களுக்கே. நீங்கள் அனுப்பிய ஒப்பந்தத்தில் அந்த வரி இல்லை. இதனால் பயப்பட வேண்டாம். சட்டப்படி கையில் வைத்திருப்பவர், எந்த நோக்கத்துக்காக அந்த நிரல் தரப்பட்டதோ அந்த நோக்கத்துக்காக நகல் எடுக்கவும் மாற்றியமைக்கவும் 52-ஆம் பிரிவு இடம் தருகிறது. உங்கள் யூனிட்டுக்காகத் திருத்திக்கொள்ள அது போதும். பக்கத்து யூனிட்டுக்கு விற்கத்தான் முடியாது. ஆனாலும் இப்போது பேசும்போதே உரிமை மாற்றத்தையும் எழுதி வாங்குங்கள், காலத்தையும் எல்லையையும் குறிப்பிட்டு. காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம் என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும்.

போலீஸ்? இப்போதைக்கு வேண்டாம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 65-ஆம் பிரிவை யாராவது உங்களுக்குச் சொல்லியிருக்கலாம், சோர்ஸ் கோட்டை மறைத்தால் மூன்று வருடச் சிறை என்று. அந்தப் பிரிவு, சட்டப்படி பராமரித்தாக வேண்டிய சோர்ஸ் கோட்டைப் பற்றியது. தனியார் ஒப்பந்தத்தில் தர வேண்டிய கோடு அதற்குள் வருவது கடினம். சேதம் செய்யும் நோக்கத்தோடு கோட்டை மறைப்பதைப் பற்றி 43-ஆம் பிரிவில் ஒரு கூறு உண்டு, அதை வக்கீல் தன் நோட்டீசில் பயன்படுத்தலாம். அடிப்படையில் இது ஒப்பந்த மீறல், வழக்குப் போட மூன்று வருட அவகாசம் இருக்கிறது. ஒரு நாள் திடீரென்று சாஃப்ட்வேர் நின்று, தேதிப் பூட்டு இருப்பது தெரியவந்தால் கதை வேறு. அப்போது சைபர் கிரைமுக்குத் தயங்காமல் போங்கள்.

உடைத்து எடுக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளை ஒழுங்குபடுத்தும் கருவிகள் உண்டு, வரிகள் திரும்ப வரும். போன பெயர்களும் குறிப்புகளும் வராது. ஏஐ கருவிகள் பெயர்களை ஊகித்துத் தருகின்றன, சில இடங்களில் நன்றாகவே. கூலி கணக்கில் ஊகத்தை நம்பிக் கைவைக்க நான் சம்மதிக்க மாட்டேன். அயன்கியூபைத் திறந்து தருகிறோம் என்று இணையத்தில் வரும் ஆட்களிடம் ஒரு கோப்பைக்கூட அனுப்பாதீர்கள். திரும்பி வருகிற கோட்டில் அவர்கள் என்ன சேர்த்தார்கள் என்று தெரியாமல் உங்கள் சர்வரில் ஏற்ற வேண்டியிருக்கும். பேச்சு முறிந்துவிட்டால் புதிதாக எழுதுவதே மேல். டேட்டாபேஸ் பூட்டப்படவில்லை, அதன் டேபிள் பெயர்கள் தெளிவாக இருக்கின்றன, வேலை எப்படி நடக்கவேண்டும் என்பது உங்கள் சூப்பர்வைசர்களுக்கும் கணக்குப்பிள்ளைக்கும் மனப்பாடம். முதல் தடவை ஆனதைவிடச் சீக்கிரமாகவே முடியும்.

ஆனால் அதுவரை போகாது என்றே நினைக்கிறேன். இந்தச் சின்ன கம்பெனிகள் ஏன் இப்படிச் செய்கின்றன என்பதை யோசித்துப் பாருங்கள். கோடு கைக்கு வந்ததும் கடைசித் தவணையை மறந்துவிடுகிற வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள், நிறையவே இருக்கிறார்கள். அந்தப் பயம் நியாயமானது. பல வேலைகளுக்குப் பொதுவாக அவர்கள் எழுதி வைத்த சொந்த லைப்ரரியும் (நிரல் தொகுப்பும்) உங்கள் கோட்டுக்குள் இருக்கலாம், அது வெளியே போய்விடுமோ என்ற கவலையும் இருக்கும். இரண்டுக்கும் வழி இருக்கிறது. பாக்கித் தொகையை இரண்டு வக்கீல்களும் ஒப்புக்கொள்கிற ஒருவரிடம் கொடுத்து வையுங்கள், சோதனை முடிந்த அன்று அது அவர்களுக்குப் போகட்டும். பொது லைப்ரரியின் உரிமை அவர்களிடமே இருக்கட்டும், உங்கள் யூனிட்டில் பயன்படுத்தவும் திருத்தவும் நிரந்தர அனுமதி மட்டும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் கடிதம் போன ஒரு வாரத்தில் நீங்களே நேரில் போய் இதைச் சொல்லுங்கள். கம்பெனி நடத்துகிறவரிடம் பேசுங்கள், அங்கே வேலை பார்க்கும் பையன்களிடம் கோபப்படாதீர்கள். பூட்டச் சொன்னது அவர்களாக இருக்காது.

உங்கள் புது டெவலப்பர் எழுதப்போகும் கோட்டுக்கு இன்றே கம்பெனி மின்னஞ்சலில், கிட் ரெப்பாசிட்டரிகளை வைக்கும் தளமான கிட்ஹப்பில் ஒரு கணக்கு தொடங்குங்கள். உரிமையாளர் இடத்தில் உங்கள் பெயர் இருக்கட்டும், அவரை உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளுங்கள். செய்த வேலையை அன்றன்றைக்கு மாலையே அதில் ஏற்றச் சொல்லுங்கள். இரண்டாம் படி உறுதிப்படுத்தலை உங்கள் போனில் வைத்துக்கொள்ளுங்கள்.